மேல் வரிசைக்கு வராத பொத்தான்

லிமா, சாந்தா ரீத்தா மேடு
அக்டோபர் 17

என் ஃபிடென்சியோவுக்கு,

ஆண்டவர் காவலில் சுரங்கத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எழுதினால் உங்களிடமிருந்து 'சரி' என்ற ஒரு சொல்தான் வருகிறது. அதனால் சிலிக்கு லாரி ஓட்டும் நம் மகளின் ஞானத்தகப்பன் கையில் இந்தத் தாளைக் கொடுத்தனுப்புகிறேன்.

மகளுக்கு இருமல் நின்றுவிட்டது. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்காக இந்த மாதம் முழுக்க ஊதா உடுப்புதான் எனக்கு. அதைத் துவைக்கத்தான் தண்ணீர் இல்லை.

தண்ணீர் லாரிக்குப் பெயர் கொடுக்க நான் ஒரு இணையப் பக்கம் செய்தேன் அல்லவா? பெயர் வராத வீட்டு வரிசைக்கு லாரி ஏறாது. பக்கம் தொடங்கி மூன்று வாரமாகியும், மேட்டின் உச்சியை ஒட்டி உங்கள் தங்கை ஹெர்மெலிந்தா இருக்கும் மேல் வரிசையிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து, அவள் மூன்று முறை உச்சிச் சிலுவை வரை ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பிறகு என்னிடம் வந்து, "அண்ணி, தொட்டியும் காலி, உன் பக்கமும் காலி. எதுல குழந்தைத் துணிய அலசுறது?" என்றாள்.

அவள் போனைப் பார்த்தேன். பொத்தான் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

குற்றம் என்னுடையது. பக்கத்தை எழுதும்போது, தண்ணீர் முறை என்ற பொருளில் 'துர்னோ-அகுவா' என்று நானே ஒரு புதுக் குறிச்சொல்லை உண்டாக்கி, பொத்தானை வரையும் வேலையை அதனிடம் விட்டிருந்தேன். புதுப் போன்களில் பக்கத்தைத் திறக்கும் உலாவிகள் அதைப் படித்து வரைந்துவிடும். பழையவற்றுக்கு அந்தப் பெயரே தெரியாது. எச்சரிக்கைகூடச் செய்யாமல் தாண்டிப் போய்விடும்.

கமிட்டிச் செயலாளர் தொன் வெனான்சியோ, "மேல இருக்கறவங்கள புதுப் போன் வாங்கச் சொல்லும்மா. பக்கத்த ஏன் நோண்டுற?" என்றார். "செபமாலை உருட்டுற கைக்கு இந்த வேலை எதுக்கு?" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கைதான் கட்டியது, அதுவே சரிசெய்யும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோட்டில் கோடு போட்டு வீடு வீடாக ஏறினேன். நாற்பத்தொரு போன். யாருடையது, எந்த ஆண்டு, பொத்தான் தெரிகிறதா என்று எழுதினேன். பதின்மூன்றில் தெரியவில்லை. அதில் ஒன்பது மேல் வரிசை; அங்கே மொத்தமே அந்த ஒன்பதுதான்.

எழுதிப் பார்த்தபோதுதான் வழி பிடிபட்டது. பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் குறிச்சொல்லுக்குள் எழுதியிருப்பதை எந்த உலாவியும் காட்டிவிடும். நான் உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை. இப்போது அதற்குள் சாதாரணப் படிவமும் சாதாரணப் பொத்தானும் வைத்திருக்கிறேன். அலங்காரம் இல்லை, ஆனால் அழுத்தினால் பெயர் போகிறது. பதின்மூன்று போனையும் மறுபடி பார்த்து டிக் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஹெர்மெலிந்தா தன் அடுப்படியிலிருந்தே அழுத்தினாள். லாரி மேல் வரிசைக்கு ஏறியது. "இப்ப என் தொட்டியில மூஞ்சி பாக்கலாம் அண்ணி" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

அவள் கையில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய போன்கள். ஆகவே இனி உங்களுக்கும் பொத்தான் தெரியும். நவம்பர் பதிவில் நம் வீடு, எண் 27 மட்டும் பாக்கி. அந்த மாதம் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கட்டம் கேட்கிறது. மகளும் நானும் மட்டும், இரண்டு என்று போட என் விரல் வரவில்லை.

அதை நீங்களே நிரப்புங்கள். ஆண்டவர் உங்கள் வழியைக் காக்கட்டும்.

உங்கள்
எடுவிகிஸ்