சின்னப் பேணிக் கோப்பி

மச்சாள்,

குசினிக்குள் இன்னும் வறுத்த கோப்பிக்கொட்டை வாசம் நிற்கிறது. வறுத்தது முந்தாநாள். நீங்கள் போனபிறகு இந்த ஒரு வருசமும் கடைத்தூளோடுதான் காலத்தை ஓட்டினோம். ஆனால் உங்களுடைய ஆட்டைத் திவசத்துக்குக் கடைத்தூளில் கோப்பி போட்டுப் படைத்தால் நீங்கள் எட்டியும் பார்க்க மாட்டீர்கள். "இது கோப்பியே? சட்டி கழுவின தண்ணி" என்று கடைக் கோப்பியை முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள் நீங்கள். அந்த வாய்க்குப் பயந்துதான் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

கொட்டையை வறுத்து, மல்லியை வேறாக வறுத்து, வேர்க்கொம்புச் சுக்கைத் தட்டிப் போட்டு, நாலு மிளகும் சேர்த்து உரலில் இடித்தேன். கொஞ்சம் கருகிவிட்டது. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அகப்பையைப் பறித்திருப்பீர்கள். உங்கள் தம்பி வயலால் வந்து படலையைத் திறந்தவர், அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டார். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

நான் பளையிலிருந்து கலியாணம் கட்டி வட்டக்கச்சிக்கு வந்தபோது, இந்த வீட்டில் எனக்கு மாமியார் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். அக்காவும் தம்பியுமாக மிஞ்சியிருந்த ஒரு குடும்பத்துக்குள் மூன்றாவது ஆளாக நுழைகிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். முதல்நாள் விடியப்புறம் கோப்பியோடு வந்து, "குடி பிள்ளை, இந்த வீட்டில கோப்பி குடிக்காதவைக்கு வேலை குடுக்கிறேல்லை" என்றீர்கள். நடுக்கம் அதோடு போயிற்று.

எல்லாருக்கும் ஊற்றிய பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சின்னச் சில்வர் பேணியை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பீர்கள். விளிம்பு நெளிந்த பேணி. அது உங்கள் மகன் சுதனுடையது என்று உங்கள் தம்பிதான் பிறகு எனக்குச் சொன்னார். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் புருசனையும் வீட்டையும் பறிகொடுத்து, முகாமில் காய்ச்சலுக்கு நாலு வயதுப் பிள்ளையையும் கொடுத்துவிட்டு வந்தவர் நீங்கள். பிள்ளையின் ஒரு படம்கூட உங்களிடம் இருக்கவில்லை. அந்தப் பேணி இருந்தது. வருசா வருசம் அவனுடைய திவசத்தில் அதில் கோப்பி ஊற்றிப் படைப்பீர்கள்.

என் மகள் ஆரணி பிறந்து, நடக்கத் தொடங்கியபோது அந்தப் பேணி அலுமாரியை விட்டு இறங்கியது. அதை அவள் கையில் கொடுத்த அன்று உங்கள் முகத்தைப் பார்த்த எவரும் அதைத் திரும்ப வாங்கத் துணிந்திருக்க மாட்டார். நான் காமன்ற் தையல் வேலைக்குக் காலை பஸ்சைப் பிடித்தால் பொழுதுபடத்தான் வருவேன். பகல் முழுக்கப் பிள்ளை உங்கள் இடுப்பில். நீங்கள் கோப்பியை ஆற்றி, நுரை பொங்க ஊற்றி, மடியில் வைத்துப் பருக்குவீர்கள். அவள் மேலுதட்டில் மீசை வைத்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டுவாள்.

மூன்று வயது தாண்டியபோது பிள்ளை மெலியத் தொடங்கினாள். சோற்றை வாயில் வைத்து அதக்கிக்கொண்டே இருப்பாள், விழுங்க மாட்டாள். இரவில் கண்ணை முழித்துக்கொண்டு கிடப்பாள். அடுத்தநாள் நான் தையல் மெசினில் தூங்கி விழுவேன். அயலுக்குள் சிலர் கண்ணூறு என்றார்கள். நீங்கள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டீர்கள். மிளகாய் வெடித்ததே தவிரப் பிள்ளை தேறவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கோப்பியில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் பகல் முழுக்க என் பிள்ளையைப் பார்க்கிற மனுசியிடம் அதை எந்த வாயால் கேட்பது?

கிளினிக் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பொதுநோக்கு மண்டபத்தில் தாய்மார் வரிசை. குடும்பநல மாது, நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிற அந்தக் கண்டாவளை ஊர்ப் பெட்டை, ஆரணியைத் தராசில் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். நிறை ஏறவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது.

"போனமுறை சொன்னனான் எல்லோ, பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்க வேண்டாமெண்டு?"

நான் வாய் திறக்கமுதல் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஐயோ மிஸி, நீங்கள் சொன்ன நாளிலயிருந்து தேத்தண்ணியைக் கண்ணிலயும் காட்டேல்லை."

"நல்லது. அப்ப காலமை என்ன குடிக்கிறவ?"

"கோப்பி."

எவ்வளவு பெருமையோடு சொன்னீர்கள் மச்சாள்! வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் பாதிப்பேர் வீட்டிலும் அதே கதைதான். பின்னால் நின்ற ஒருத்தி மெல்ல, "மிஸி, நாங்களும் அப்பிடித்தான்" என்றாள். உங்களில் என்ன பிழை? தேத்தண்ணி என்றால் கடையில் வாங்குகிற தேயிலை. எங்கள் கோப்பி என்றால் மல்லி, வேர்க்கொம்பு, மிளகு. தடிமன் வந்தாலும் அதுதான், காய்ச்சல் வந்தாலும் அதுதான். இந்த ஊரில் அது மருந்துப் பக்கத்தில் சேர்ந்தது. மிஸி தேத்தண்ணியை மறித்தவுடன் நீங்கள் ஒரு பேணிக்கு ஒன்றரைப் பேணியாகக் கோப்பியைக் கூட்டியிருந்தீர்கள்.

மிஸி சிரிக்கவில்லை. "அக்கா, பிள்ளையளுக்கு ரெண்டும் ஒண்டுதான். கீரையில, மீனில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது. பசியை அமத்திப்போடும். நித்திரையைக் குழப்பும். பெரியாக்கள் குடியுங்கோ. சின்னனுகளுக்கு வேண்டாம்."

"மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுத்தானே மிஸி…"

"மல்லியில எனக்குக் கோவமில்லை. அதோட சேர்ந்து நிக்கிற கோப்பியிலதான்."

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளையின் இரத்தத்தைக் குறைத்தது உங்கள் செல்லம் என்று கேட்க, நல்ல கூரான கேள்விகளாகத் தெருவெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நானும் வாய் செத்தவள் இல்லையே.

ஒன்றையும் கேட்கக் கிடைக்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் அந்தச் சின்னப் பேணியைச் சாம்பல் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தீர்கள். மினுக்கி முடிந்த பேணியைத் திரும்பத் திரும்ப மினுக்கினீர்கள். நான் கிட்ட வந்ததும் தலை நிமிராமல் கேட்டீர்கள்.

"பிள்ளை, அப்ப நான் சுதனுக்குக் குடுத்தது?"

எனக்கு விளங்கவில்லை.

"அங்க முகாமில பால்மா இல்லை. சோறும் ஒரு நேரந்தான். என்னட்டை ஒரு பை கோப்பித்தூள் இருந்தது. பசிக்குதம்மா எண்டு அழேக்கை அதைத்தான் ஊத்திக் குடுத்தனான். குடிச்சிட்டுச் சிரிப்பான். நான் நினைச்சன், பசி ஆறீட்டுதெண்டு. மிஸி சொல்லுறா, கோப்பி பசியை அமத்துமாம். அப்ப நான் என்ர பிள்ளையின்ர பசியை அமத்தி அமத்தியே…"

நான் சேர்த்து வைத்த கேள்வி எல்லாம் அந்த இடத்தில் செத்துப்போயிற்று. "அப்பிடியில்லை மச்சாள்" என்று சொன்னேன். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று உங்களுக்கும் தெரிந்தது. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்தநாளும் இல்லை.

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வரமாட்டேன் என்ற உங்களை இழுத்துக்கொண்டு மிஸியிடம் போனேன். எங்கேயாவது ஒரு சொல் தவறிவிட்டால் நீங்கள் எழும்பவே மாட்டீர்கள் என்ற பயம் எனக்கு. மிஸி கதிரையை இழுத்து உங்களுக்கு முன்னால் போட்டு இருந்தாள். முழுக்கக் கேட்டாள். பிறகு பதில் சொல்லாமல் உங்களிடமே கேட்டாள்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சோ போட்டனீங்கள்?"

"கொதிக்காமல் கோப்பி எப்பிடிப் போடுறது பிள்ளை?"

"அங்க விறகு இருந்ததோ?"

"எங்கால? பெட்டிப் பலகை, பழஞ்சீலை, கிடைச்சதெல்லாம் எரிச்சனான்."

"சீனி?"

"நான் குடிக்கிறதில போடாமல் அவனுக்கு வைச்சிருந்தனான்."

மிஸி உங்கள் கையைப் பிடித்தாள். "அக்கா, அப்ப நீங்கள் குடுத்தது கொதிச்ச தண்ணியும் சீனியும். ஒண்டுமில்லாத இடத்தில ஒரு தாயால அதுக்குமேல என்ன குடுக்க ஏலும்? அவனைக் காய்ச்சல் கொண்டுபோனது. உங்கட கோப்பி கொண்டுபோகேல்லை. பாலும் முட்டையும் இருக்கிற வீட்டில குடுக்கிற கோப்பியைத்தான் நான் வேண்டாமெண்டுறன்."

நீங்கள் அழுதீர்கள். எத்தனையோ செத்த வீட்டில் மற்றவர்களைத் தாங்கிப் பிடித்த மனுசி, அந்தச் சின்ன அறைக்குள் சத்தமாக அழுதீர்கள். வெளியில் வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, "பசிக்குது பிள்ளை, றோட்டுக் கடையில ஒரு வடை வாங்கு" என்றீர்கள். எனக்கு அந்த மிஸியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே உரிய கூத்து. மடியில் இருந்து பேணியை நீட்டுகிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல உங்களால் முடியவில்லை. ஒருகிழமை சிவப்பரிசியோடு மல்லுக்கட்டினீர்கள். அரிசியைக் கருகக் கருக வறுத்து, மல்லியும் கொஞ்சம் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, பாலில் போட்டுப் பனங்கட்டியோடு கலந்தீர்கள். நிறம் அசல் கோப்பி. கோப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லை. மிஸியிடம் கொண்டுபோய்க் காட்டி, அவள் குடித்துப் பார்த்து ஓம் என்ற பிறகுதான் ஆரணிக்குக் கொடுத்தீர்கள். குசினித் தட்டில் இரண்டு டின் வந்தது. மூடி சிவப்பென்றால் எங்களுக்கு, பச்சை என்றால் ஆரணிக்கு. இரண்டுக்கும் பெயர் கோப்பிதான். பிள்ளையைத் தள்ளி வைத்ததாக இருக்கக் கூடாது என்றீர்கள்.

கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துப் பாணி மருந்து, முருங்கையிலைச் சுண்டல், குளத்து மீன் என்று பின்னால் ஓடி ஓடித் தீத்தினீர்கள். ஒரேயடியாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் பிள்ளை படுத்தால் விடியுமட்டும் நித்திரை கொள்ளத் தொடங்கினாள். நிறையும் மெல்ல மெல்ல ஏறியது.

அதோடு விட்டீர்களா? பக்கத்து ஒழுங்கைச் செத்த வீட்டில் கோப்பித் தட்டம் வந்தபோது, சின்னனுகள் கை நீட்ட, தட்டத்தோடு பெடியனை மறித்தீர்கள். "இது பெரியாக்களுக்கு. பிள்ளையளுக்கு இளநி வெட்டுங்கோ." ஒருத்தி சும்மா இராமல், "நீங்களும் மருமோளுக்குக் குடுத்தனீங்கள்தானே?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் அசையவில்லை. "ஓம், குடுத்தனான். அதாலதான் சொல்லுறன்." அன்று முழுக்க அந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் கோப்பி கிடைக்கவில்லை.

போன வருசம் ஒரு காலை, நெஞ்சுக்குள் குத்துகிறது என்று கதிரையில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடுப்பில் கோப்பிக்குக் கொதித்த தண்ணீர் வற்றிக் கேத்தில் கருகிப்போய் இருந்தது.

நேற்றுத் திவசம். உங்களுக்குப் பிடித்த ஒடியல் கூழும், மீன் குழம்பும், வடையும் வைத்துத் தலைவாழை இலை போட்டோம். உங்கள் பெரிய பேணியில் நான் இடித்த கோப்பியை ஊற்றினேன். பக்கத்தில் சுதனுடைய சின்னப் பேணியை வைத்தேன். இனி அவனுக்கும் நான்தானே படைக்க வேண்டும். அதிலும் அதே கோப்பியை ஊற்றப் போனபோது ஆரணி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். இப்போது அவளுக்கு ஏழு வயது.

"அம்மா, அது பெரியாக்களின்ர. சுதன் மச்சான் சின்னப்பிள்ளையெல்லோ. அவருக்கு மாமி பச்சை மூடி டின்னிலதான் போடுறவ."

எனக்கு இது தெரியாது மச்சாள். அவனுடைய திவசங்களில் நீங்கள் படைக்கும் நேரம் நான் வேலையில் நிற்பேன். கிளினிக்குக்குப் பிறகு உங்கள் பிள்ளைக்கும் நீங்கள் கோப்பியை நிறுத்தியிருக்கிறீர்கள். அதை என் மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். டின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல் காக்கிறேன் என்று இவ்வளவு காலமும் இருந்தவள் நான்.

பச்சை மூடி டின் வெறுமையாக இருந்தது. படையலுக்கு வந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ச் சட்டியை வைத்து ஒரு பிடி சிவப்பரிசி வறுத்தேன். உங்கள் தம்பி வந்து உரலைக் கழுவித் தந்தார். இடித்து, பாலில் கலந்து, ஆற்றி ஊற்றினேன். ஆரணி சுடுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுதனுக்கு முன்னால் வைத்தாள்.

அவள் வளர்ந்து ஒருநாள் சிவப்பு மூடி டின்னுக்கு வருவாள். சுதனுக்கு என்றைக்கும் நாலு வயதுதான். அவனுடைய கோப்பியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் மச்சாள், அரிசி வறுக்க நான் இருக்கிறேன்.