குளிர் அறை விளக்கு

புதுப்பட்டினம்
3.11.2025

அன்புள்ள வசுமதிக்கு,

இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மூன்று விஷயங்கள்:

1. நீலப்பச்சைப் பாசியைப் பற்றி நேற்றுப் படித்தது.
2. 1997இல் உங்கள் சோதனை பொய்யல்ல என்பது.
3. நம் ஆய்வகக் குளிர் அறை விளக்கை அணைத்தது காவலாளி செல்வராஜ் என்பது.

குளிரில் நெய் உறைவதுபோலப் பாசியின் செல் சவ்வும் இறுகும். உடனே அதை இளக்கும் மரபணு விழிக்கும். நீங்கள் அதைக் கண்டீர்கள். நான் திரும்பச் செய்தபோது அது விழிக்கவில்லை. நீங்களாகப் போட்ட எண்கள் என்று நிறுவனத்தின் விசாரணைக் குழுவிடம் சொன்னேன். உங்கள் ஆராய்ச்சிப் பட்டம் போயிற்று.

நேற்றுப் படித்த கட்டுரையில், வெளிச்சம் இல்லாவிட்டால் எத்தனை குளிரிலும் அந்த மரபணு சரியாக விழிக்காது என்றிருக்கிறது. 'விளக்கை அணைக்காதீர்கள்' என்று நீங்கள் அந்த அறைக் கதவில் சீட்டு ஒட்டியிருந்தீர்கள். மாலையில் விளக்குகளை அணைப்பது செல்வராஜின் வேலை. அவராகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

தங்கள்
ரவிச்சந்திரன்

நாவலூர்
8.11.2025

சாருக்கு வணக்கம்.

இன்னமும் எண் போட்டுத்தான் எழுதுகிறீர்கள்! இரண்டாவதை மூன்று முறை படித்தேன். என் மகளுக்கும் படித்துக் காட்டினேன்.

செல்வராஜ் மாமல்லபுரத்தில்தான் இருக்கிறார். கேட்டீர்களா? எதிரில் இல்லாதவர்மேல் பழி சொல்வது உங்களுக்குப் பழக்கம்.

வசுமதி

புதுப்பட்டினம்
14.11.2025

அன்புள்ள வசுமதிக்கு,

பஸ் பிடித்துப் போனேன். கேட்டதும் செல்வராஜ் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் நீ! அந்த ரூம் சாவி உன்கிட்டதான இருந்துச்சு? அந்தம்மா லைட்ட எரியவுட்டுட்டுப் போவும். உன் முறை வந்தா, கரண்டு வீணாவுதுன்னு அணைப்ப. வாசல் கேட்டு வரைக்கும் வந்துட்டு, அணைஞ்சிச்சான்னு மறுபடி போய்ப் பார்த்துகினு வருவியே!"

திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் மகள் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டில் என் பழைய சோதனைக் குறிப்பேட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு நாட்கள். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில்: 'மாலை 5.40, விளக்கு அணைக்கப்பட்டது.' பக்கத்தில் ஒரு சரி குறி. கதவில் இருந்த அந்தச் சீட்டு உங்கள் குடுவைகளுக்கு மட்டும் என்று நினைத்திருப்பேன். நினைத்தேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை.

அந்தப் பக்கங்களின் நகலோடு நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி இத்துடன். மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை.

முதலிரண்டு விஷயங்களும் சரி. மூன்றாவது தவறு. அணைத்தது நான்.

ரவிச்சந்திரன்