எங்கட வீட்டில இரண்டு வோட்

செப்ரெம்பர் 9, செவ்வாய்

தக்காளிக்கு இனித் தண்ணீர் விட வேண்டாம் என்று மனைவி கனகாம்பிகை சொல்லிவிட்டாள். பச்சையாகவே பிடுங்கிக் குழம்பு வைக்கப் போகிறாளாம். பழுக்குமா பழுக்காதா என்று நான் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

காலையில் வைத்தியநாதன் தொலைபேசியில் வந்தார். லண்டன் ஹரோவில் எங்கள் வட்டாரக் கட்சிக் கிளைக்கு அவர்தான் தலைவர். இருந்த கவுன்சிலர் மகளோடு போய் இருக்கப் பதவியை விடுகிறார். அடுத்த மாதக் கடைசியில் இடைத்தேர்தல். கட்சி யாரை நிறுத்துவது என்று 25ஆம் திகதி நாங்கள், கிளை உறுப்பினர்கள், வோட் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். நிற்கக் கேட்டிருப்பவர்கள் இரண்டு பேர்: சுபாஸ்கரன், சுவர்ணா.

"சபா அண்ணை, ஆர் நல்ல ஆள் எண்டது பிரச்சினையில்லை. ரெண்டும் நல்ல ஆக்கள்தான். ஆரை விட்டா வெல்லலாம்? அதைச் சனத்திட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் கொழும்பில சனத்தொகை எண்ணின ஆளெல்லே."

நான் எண்ணவில்லை. எண்ணியவர்கள் கொண்டுவந்த தாள்களைச் சரிபார்த்தேன், அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஓம் என்றுவிட்டேன். எனக்கு ஏன் "இல்லை" என்ற சொல் வாயில் வருவதேயில்லை?

செப்ரெம்பர் 10, புதன்

கேள்வியை எழுதி அழித்து எழுதினேன். கடைசியில் நின்றது: "இந்த இருவரில் யார் நின்றால் எங்கள் கட்சிக்கு வோட் போட உங்களுக்குக் கூடுதல் விருப்பம்?" ஒரு கதவில் சுபாஸ்கரனின் பெயரை முதலில் சொல்ல வேண்டும், அடுத்த கதவில் சுவர்ணாவின் பெயரை. இல்லாவிட்டால் முதலில் கேட்ட பெயர் பக்கம் மனம் சாயும். ஒவ்வொரு நாலாவது கதவையும் தட்டுவது. முகத்தைப் பார்த்து வீட்டைத் தெரிவு செய்யக் கூடாது.

சுபாஸ்கரன் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். இங்கே ஒரு கடை, சட்டனில் ஒன்று, செவன் கிங்ஸில் ஒன்று. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் தேர் எதிலும் அவன் குரல்தான் முதலில் கேட்கும். சுவர்ணா வாடகைக்கு இருப்பவர்களின் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். கவுன்சிலோடு மல்லுக்கட்டிப் பள்ளிக்கூடத்தடியில் பாதசாரிக் கடவை போட வைத்தவள். நான் தினமும் அதில்தான் கடக்கிறேன். கட்டின புருசனை விட்டுத் தனியாக இருக்கிறாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். தேவையில்லாமல் சிரிக்க மாட்டாள்.

எனக்கு யாரில் விருப்பம்? சுவர்ணாவில். ஆனால் சனம் அவளுக்குப் போடாது. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தங்களுக்கு அவளில் விருப்பம்தான் என்று சொல்லிவிட்டு.

செப்ரெம்பர் 13, சனி

முதல் நாள். கால் வலி. வயிறு முழுக்கத் தேத்தண்ணி.

நான் பயந்ததுபோல் யாரும் கதவைச் சாத்தவில்லை. "ஐயா, வாசலில நிக்காதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று இருத்திவிடுகிறார்கள். றமணன் வீட்டில் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"எழுதுங்கோ ஐயா, எங்கட வீட்டில அஞ்சு வோட். அஞ்சும் சுபாஸ்கரன் அண்ணைக்கு."

அவருடைய மனைவி நகுலேஸ்வரி றோல்ஸ் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் ஐந்து என்று எழுதினேன். பிறகும் இப்படித்தான்: மூன்று, நாலு, ஒரு வீட்டில் ஆறு. வேலை நான் நினைத்ததைவிட வேகமாகப் போகிறது. சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் குடும்பத் தலைவர்தானே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார்.

கொலின்ஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் கஷ்டம் தந்தார். தன்னுடையதைச் சொன்னார். மனைவியுடையதைக் கேட்டேன். "அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்கே சொன்னதில்லை" என்று சிரித்தார். அந்த அம்மா நீந்தப் போயிருந்தார். அந்த வீட்டுக்கு நேரே "முழுமையில்லை" என்று குறித்தேன்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

மழை. நேற்றைய தேத்தண்ணியில் நித்திரை இல்லை.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

முடிந்தது. எங்கள் தெருவில் நாலாவது கதவு எங்கள் கதவாகவே வந்துவிட்டது. விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் முறை கெடும். எங்கள் வீட்டில் இரண்டு வோட். எனக்கு விருப்பம் மற்றப் பக்கம் என்றாலும் வெல்லக்கூடியவனைத்தானே பார்க்க வேண்டும்? இரண்டையும் சுபாஸ்கரனுக்கு எழுதினேன்.

செப்ரெம்பர் 17, புதன்

நூற்றுக்கு அறுபத்துநாலு சுபாஸ்கரனுக்கு. மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு வைத்தியநாதனுக்குச் சொன்னேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் கிளையின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, "சபா மாஸ்ரரின் கணிப்பு" என்று, வாணவேடிக்கைப் படங்களோடு. நான் ஒருநாளும் பள்ளிக்கூட மாஸ்ரராக இருந்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மறைப்பானேன்.

செப்ரெம்பர் 18, வியாழன்

சுவர்ணா போன் எடுத்தாள்.

"அங்கிள், நம்பர் பாத்தன். வேற ஆரும் சொல்லியிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். நீங்கள் எடுத்த சர்வே எண்டா சரியாத்தான் இருக்கும். என்னால கட்சி தோக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வைத்தி அங்கிளிட்டச் சொல்லி விலகிறன்."

"சரி பிள்ளை" என்றேன்.

சரி பிள்ளை! பிறகு வெளியே போய்க் கடவையடியில் நின்றேன். ஒரு கார் எனக்காக நின்றது. கடக்க வேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் கடந்துபோய்த் திரும்பி வந்தேன். அந்தச் சாரதி என்ன நினைத்திருப்பார்?

செப்ரெம்பர் 19, வெள்ளி

மேசையில் கிடந்த தாள்களை ஒதுக்கும்போது கனகாம்பிகை கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது எங்கட வீட்டு நம்பரெல்லோ?"

"ஓம்."

"இரண்டு வோட் எண்டு கிடக்கு."

"இரண்டு பேர்தானே இருக்கிறம்."

"ஒண்டு உங்கட. மற்றது?"

"உம்மட."

"என்னை எப்ப கேட்டனீங்கள்?"

தாளை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"மருந்து குடிச்சனீரோ எண்டு நாளுக்கு மூண்டு தரம் கேக்கிறியள். தக்காளியை வெட்டட்டோ விடட்டோ எண்டு கேக்கிறியள். இதைக் கேக்க வாய் வரேல்லை. ஹரோ முழுக்கக் கதவு தட்டின மனுசன், நான் சமைக்கிற குசினிக் கதவைத் தட்டேல்லை."

"குசினிக்குக் கதவில்லை" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரவு பச்சைத் தக்காளிக் குழம்பு. உப்புக் கூடிப்போயிருந்தது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆக, அவளுக்கு விருப்பம் சுவர்ணா. இது எனக்குத் தெரியாமல் போனதே!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் மற்ற வீடுகளின் நினைவு வந்தது. றமணன் வீட்டு அஞ்சு வோட்டில் மற்ற நாலு பேரையும் நான் கண்டேனா? றோல்ஸ் தட்டோடு வந்த கையைக் கண்டேன். ஆறு வோட் வீட்டில் ஒரு மனிதரோடு மட்டும்தான் கதைத்தேன். கொலின்ஸ் வீட்டைத்தான் முழுமையில்லை என்று குறித்திருக்கிறேன் – அந்த ஒரு வீட்டில்தான் எனக்குச் சரியான பதில் கிடைத்திருக்கிறது. வயது, பிறந்த ஊர், படிப்பு எல்லாம் குடும்பத் தலைவர் சொல்லலாம். மனதில் இருப்பதை எப்படிச் சொல்வார்? ஐயோ, என்ன மடையன் நான்! இதை நம்பி அந்தப் பிள்ளை விலகப் போகிறாள்.

செப்ரெம்பர் 20, சனி

திரும்பவும் போனேன். "நானும் வாறன்" என்று கனகாம்பிகை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் முன்னறையில் ஆண்களோடு இருந்தேன். அவள் நேரே குசினிக்குள் போனாள். அரைவாசி வீடுகளுக்குத்தான் போக முடிந்தது. அதுவே போதும்.

றமணன் வீடு: நகுலேஸ்வரிக்கு விருப்பம் சுவர்ணா. றமணனின் தாயாருக்கு இரண்டு பேரையும் பிடிக்காது. மகள் படிக்கிற ஊரில் வாக்காளராகப் பதிந்திருக்கிறாள். மேல்மாடியில் இருந்த மகன் அபிஷன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அங்கிள், நான் இன்னும் ரெஜிஸ்டரே பண்ணேல்லை" என்றான். றமணன் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப எங்கட வீட்டில அஞ்சு வோட் இல்லையோ ஐயா?" அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எல்லாம் ஒரு பக்கமாகச் சாயவும் இல்லை. ஒரு வீட்டில் புருசன் சுவர்ணாவுக்கு என்று எழுதுவித்தவர், மனைவி சுபாஸ்கரனுக்காம். அதைச் சொல்லும்போது கனகாம்பிகையின் முகம் ஏனோ மலர்ந்திருந்தது. விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்டச் சரிபாதி. அதையும் நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

எட்டு மணிக்கே சுவர்ணாவுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, வைத்தியிட்டச் சொல்லிப்போட்டீரோ?"

"இனித்தான் அங்கிள்."

"சொல்லாதேயும். என்ர நம்பர் பிழை."

"எவ்வளவு பிழை?"

"எவ்வளவு எண்டும் தெரியாது."

"அப்ப நான் நிண்டா வெல்லுவனோ?"

"தெரியாது பிள்ளை."

"தோப்பனோ?"

"அதுவும் தெரியாது."

அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "அப்ப நிக்கிறன் அங்கிள்."

வைத்தியநாதன் சிரிக்கவில்லை. "என்ன அண்ணை விளையாட்டு இது? சனமெல்லாம் அறுபத்துநாலு, அறுபத்துநாலு எண்டு திரியுது. இப்ப நான் போய் அது பொய்யெண்டு சொல்லேலுமே? சொல்லுறதெண்டா நீங்களே மீற்றிங்கில எழும்பிச் சொல்லுங்கோ."

நான் ஒரு கூட்டத்தில் எழும்பிப் பேசி எத்தனை காலம்? கூட்டங்களுக்குப் போனால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் நான்.

செப்ரெம்பர் 24, புதன்

பேச வேண்டியதை எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. வெட்டினேன். ஒரு பக்கம். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிற்கலாமா?

செப்ரெம்பர் 25, வியாழன்

காய்ச்சல் வரவில்லை.

நூலக மண்டபம் நிறைந்துவிட்டது. நான் எழும்பியதும் யாரோ கைதட்டினார்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவந்ததில் எழுத்துத் தெரியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் கதவுகளைக் கேட்டிருக்கிறன், ஆக்களைக் கேக்கேல்லை. ஒரு ஆள் சொன்னதை அஞ்சு பேர் சொன்னதா எழுதினனான். பிழை என்னுடையது. ஆர் வெல்லுவினம் எண்டு எனக்குத் தெரியாது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப மாஸ்ரர், நாங்கள் ஆருக்குப் போடுறது?"

"உங்களுக்கு விருப்பமான ஆளுக்கு" என்றேன்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மண்டபமே சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. பேனாக்களைத் தேடினார்கள்.

மூன்று வோட்டால் சுவர்ணா. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

சுபாஸ்கரன் நேரே என்னிடம் வந்தான். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அறுபத்துநாலு எண்டு மனுசியிட்டப் போய்ப் புளுகினனான். அவள் ஒரு சிரிப்புச் சிரிச்சாள். அப்பவே எனக்கு யோசனை" என்றான். முகம் வாடித்தான் இருந்தது. இருந்தாலும் நாளைக்கே துண்டுப்பிரசுரம் கொடுக்கத் தன் கடை வான் வண்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒக்ரோபர் 30, வியாழன்

வோட் போட்டோம். தடுப்புக்குப் பின்னால் கனகாம்பிகை என்னைவிட நேரம் எடுத்தாள். நான் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 31, வெள்ளி

சுவர்ணா வென்றுவிட்டாள். மயிரிழையில் இல்லை, அள்ளிக்கொண்டும் போகவில்லை. "பாத்தியளே அண்ணை, நான் அப்பவே சொன்னனான்" என்றார் வைத்தியநாதன். எப்போது சொன்னார்? சுபாஸ்கரன் நின்றிருந்தால் இன்னும் கூடுதலாக வந்திருக்குமா, தோற்றிருப்போமா? அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. எந்தத் தாளிலும் அதற்கு விடை கிடையாது. இன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விந்தையாக, மனம் லேசாக இருந்தது.

மத்தியானம் கனகாம்பிகையிடம், "உமக்குச் சந்தோஷம்தானே, உம்மட ஆள் வெண்டிட்டா" என்றேன்.

"என்ர ஆளோ? ஆர் சொன்னது?"

"நீர்தானே அண்டைக்குக் கோவிச்சனீர்."

"கேக்காமல் எழுதினதுக்குக் கோவிச்சனான். அது நல்ல பிள்ளைதான், நேற்று அதுக்குத்தான் போட்டனான். ஆனா என்னைக் கேட்டிருந்தா சுபாஸ்கரன் எண்டுதான் சொல்லியிருப்பன். எத்தனை மணிக்கு எடுத்தாலும் அவன் போனுக்கு வருவான். சுவர்ணாவெண்டா மெசேஜ் போடுங்கோ அன்ரி எண்டுவா. எனக்கு மெசேஜ் போட ஏலுமே?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஏன், நீங்களும் சுபாஸ்கரன்ர ஆள்தானே" என்றாள்.

"இல்லை. எனக்கு முதலிலிருந்தே சுவர்ணாதான்."

"அப்ப ஏன் தாளில மற்றப் பக்கம் எழுதினனீங்கள்?"

"சனம் போடாது எண்டு நினைச்சு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நானும்.

பழைய தாளை எடுத்து எங்கள் வீட்டு வரியைத் திருத்தினேன். முதலில் இரண்டும் சுபாஸ்கரனுக்கு என்று எழுதியிருந்தேன். இரண்டாம் தரம் கூட்டும்போது அவளைக் கேட்காமலே இரண்டையும் சுவர்ணாவுக்கு மாற்றியிருந்தேன். இப்போது ஒன்றுக்கு ஒன்று.

பின்னேரம் கேத்தலைப் போட்டுவிட்டு, "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டாள். ஒருநாளும் கேட்டதில்லை. ஊற்றிக்கொண்டு வந்து வைப்பாள், நான் குடிப்பேன்.

வேண்டாம் என்றேன்.

"சரி" என்று தனக்கு மட்டும் ஊற்றினாள்.