பதினாலாயிரம் கிலோமீட்டரும் ஒரு நாற்காலியும்

என் அருமை அத்தானுக்கு,

மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அசதியாக இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்ததற்கே முதுகு வலிக்கிறது. பயணம் இன்னும் தொடங்கவேயில்லை.

நம் கோமதிக்கு அடுத்த வாரம் வயிற்றில் அறுவை சிகிச்சை. நீங்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், மறுத்துவிட்டேன். இந்த முறை அவள் கூப்பிடவில்லை. மாப்பிள்ளைதான் விஷயத்தைச் சொன்னார். அதனால்தான் கிளம்பினேன்.

எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் பார்த்தேன். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் சாண் போட்டு அளப்பீர்களே, "மூணு சாண்தான்ட்டி, போயிரலாம்" என்று. தட்டைப் படத்தில் அளப்பது தப்பு, உருண்டையில் நூல் வைத்து அளக்கவேண்டும், நூல் வடக்கே பனிவரைக்கும் ஏறி இறங்கும் என்று கான்வென்டில் படித்ததைச் சொல்வேன். "உருண்டைன்னா நம்ம பசுவந்தனைக் கரிசக்காடு மட்டும் எப்படிட்டி தட்டையா கெடக்கு?" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

இப்போது தெரிகிறது, இரண்டு பேர் கணக்கும் உதவாது. அந்த நேர்வழியில் இங்கிருந்து விமானமே இல்லை. மேற்கே வளைகுடாவுக்குப் போய், இறங்கி, மாறவேண்டும்.

மாறும் இடத்தில் திண்டாடுவேன் என்று கோமதி எனக்குச் சக்கர நாற்காலி பதிந்துவிட்டாள். நம் பக்கத்து அம்மாக்கள் கால் திடமாக இருந்தாலும் அப்படித்தான் போகிறார்கள். தள்ளுகிறவரே எல்லா வாசலையும் கடத்திவிடுவார், மொழி தெரியவேண்டாம்.

"எனக்குக் காலில்லையா, இங்கிலீஷ் தெரியாதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியும்மா. வழியில நீங்க விழுந்து கெடந்தா, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள்.

எதிர்வீட்டுப் பாக்கியம் வேறு. "பேசாம உக்காருங்க மதினி. எங்க சம்பந்தியம்மா மகாராணி கணக்கா போயிட்டு வந்தாவ. மதுரையில எறங்குனதும் பஸ்ஸப் பிடிக்க ஓடுனாவ பாருங்க, எங்களால கூட ஓட முடியல."

நாற்காலி இதோ எதிரே நிற்கிறது. தள்ளுகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தபோது நீங்கள் அடம்பிடிக்கவில்லை. "நீ தள்ளுனா உக்காருதேன்" என்றீர்கள். என்னைத் தள்ள யார் இருக்கிறார்கள், அத்தான்? உட்கார மனம் வராததற்குக் காரணம் என் இங்கிலீஷ்தானா?

"அம்மா, நேரமாகுது. உக்காருதீங்களா?" என்கிறார் தள்ளுகிறவர். நம் ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

உட்காரப்போகிறேன். எல்லா ஊரிலும் உட்கார்ந்தே வருகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கடைசிக் கதவுக்கு முன்னால் எழுந்துவிடுவேன். கோமதி வெளியே காத்திருப்பாள். அவள் அம்மா நடந்து வருவதைத்தான் அவள் பார்க்கவேண்டும்.

போய்விட்டு வருகிறேன்.

உங்கள் மாமன் மகள்,
செண்பகம்