இத்தாலியில் மூன்று மேடைகள்

மே 16, வெள்ளி.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கென என் மனைவி சாந்தி இத்தாலியில் இரண்டு வாரப் பயணம் திட்டமிட்டு வருகிறாள். நானோ அவளிடம் சொல்லாமலே ரோம், பொலோன்யா, பலெர்மோ ஆகிய மூன்று நகரங்களிலும் தமிழ் விழாக்களில் உரையாற்ற ஒப்புக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேர் முன் முழங்கும் நாக்கு, ஒரு வாரமாக அவள் முன் எழவில்லை.

இன்று மாலை புளோரன்சுக்கு அப்பால் உள்ள பண்ணை வீடு ஒன்றின் படத்தைக் காட்டினாள்.

"இஞ்ச நாலு நாள். ஒருத்தரும் உங்களைப் பேசக் கூப்பிடமாட்டினம்."

அதற்குமேல் மறைக்க இயலவில்லை. அனைத்தையும் சொல்லிவிட்டேன்.

அவள் சினக்கவில்லை. "பலெர்மோக்காரர் போன கிழமையே எனக்குப் போன் எடுத்தவை. ஐயாவுக்கு உறைப்புக் குறைச்சுச் சமைக்கிறதோ எண்டு கேட்டவை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"மூண்டையும் விடுறன்," என்றேன்.

"அப்ப இப்பவே சொல்லுங்கோ. என்ர முன்னால."

மூன்று விழா அமைப்பாளர்களையும் தொலைபேசியில் அழைத்து, வருத்தம் தெரிவித்து மறுத்தேன். ஒவ்வோர் அழைப்பும் இரண்டே நிமிடம்.

"இவ்வளவு சுருக்கமா உங்களுக்குப் பேச ஏலுமெண்டு இருபத்தைஞ்சு வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு வாரத்துக்குப் பின் இன்று உறக்கம் தானாக வருகிறது.