இக்கல்லூரியே வதிவிடம்: தலைவர் ஸெய்னுலாப்தீன் மீது நான் செய்த முறைப்பாட்டை மீளப்பெறும் மனு

அனுப்புநர்:
வ. பெரியதம்பி,
பதிவாளர்,
ஹந்தானை உயர்கல்விக் கல்லூரி,
கண்டி.

பெறுநர்:
விசாரணை ஆணையாளர் அவர்கள்,
அரசாங்க அதிபர் அலுவலகம் (கச்சேரி),
கண்டி.

பொருள்: கல்லூரித் தலைவர் ஜனாப் ஸெய்னுலாப்தீன் அவர்களைப் பதவியிலிருந்து நீக்காதிருக்கவும், எனது 14.03.1930 முறைப்பாட்டைத் தள்ளிவிடவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு வயது அறுபத்தெட்டு. இக்கல்லூரி தொடங்கிய நாள் முதல் பதின்மூன்று ஆண்டுகளாகப் பதிவாளராக இருக்கிறேன். தங்கள் விசாரணையின் முதலாவது ஆவணம் என் கையெழுத்தில் உள்ளது. தலைவர் அவர்கள் சேர்வு இடாப்பில் பொய்ப்பதிவு செய்தார் என்று அதில் எழுதியிருக்கிறேன். அது பிழை. இந்த மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்தேன், இது நான்காவது. எதிர்வரும் 11 ஆந் திகதி தாங்கள் தீர்ப்பளிக்க இருப்பதால் ஐந்தாவதற்கு அவகாசமில்லை.

2. தலைவர் அவர்கள் மடவளையில் ஒரு புடைவை வியாபாரியின் மகனாகப் பிறந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே இலண்டன் பி.ஏ. தேர்வில் தேறியவர். கொழும்பில் உத்தியோகம் கிடைத்தும் போகவில்லை. 1921 இல் ஹந்தானை அடிவாரத்தில் கைவிடப்பட்டிருந்த கோப்பிக் கிடங்கின் இரண்டு அறைகளில், பதினான்கு மாணவர்களுடன் இக்கல்லூரியைத் தொடங்கினார். மழை நாட்களில் கரும்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலைக்கு அவர் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். இன்று மாணவர் தொகை இருநூற்றுப் பன்னிரண்டு.

3. 1929 இறுதியில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் வேலை செய்த கறுப்பையா என்பவர், வயது இருபது, சேர்வுக்கு விண்ணப்பித்தார். நுழைவுப் பரீட்சையில் முதலாவதாக வந்தார். ஆயினும் நிரந்தர வதிவிடம் என்ற கட்டத்தில் அவரால் எதையும் எழுத முடியவில்லை. அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு அறை தோட்டத்துக்கு உரியது. வேலை நின்றால் அறையும் போய்விடும். எனவே அதை நிரந்தர வதிவிடமென உறுதிப்படுத்தித் தோட்ட நிர்வாகம் கடிதம் தரவில்லை. நிரந்தர வதிவிடமில்லாதவரைச் சேர்க்கக் கூடாதென்னும் கல்லூரியின் பதினான்காம் விதிப்படி நான் விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை, 1930 ஜனவரித் தொடக்கத்தில், தலைவர் அவர்கள் என் மேசைக்கு வந்து, என் பேனையையே வாங்கி, அந்தக் கட்டத்தில் "இக்கல்லூரி" என்று எழுதி, சேர்வு இடாப்பிலும் அவ்வாறே பதிந்து கையொப்பமிட்டார்.

4. இரண்டு மாதம் மனம் ஆறவில்லை. பிறகு ஆட்சிக்குழுவுக்கு முறைப்பாடு எழுதினேன். முறைப்படி அதன் பிரதியைத் தலைவர் அவர்களின் மேசையில் நானே வைத்தேன். வாசித்துவிட்டு, "எழுத்து மணிமணியாக இருக்கிறது, பெரியதம்பி ஐயா" என்றார். அதன்பின் என் சேவைக் காலத்தை இரு தடவை நீடித்தவரும் அவரே. ஆட்சிக்குழு அப்போது கோப்பில் போட்டுவைத்த அக்கடிதத்தை, தோட்டத்து மாணவர் சேர்வை நிறுத்த அவர் மறுத்ததன் பின், இவ்வாண்டு வெளியே எடுத்தது.

5. இனி எழுதுவதே என் குற்றம். கறுப்பையா கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது கிழமையே தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை வெட்டிவிட்டார்கள், அறையும் போயிற்று. அன்று தொட்டு அவர் எங்கள் கிடங்கின் பின்னறையில்தான் வசித்தார். நான் ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அவ்வறையைக் கடந்துதான் அலுவலகம் செல்வேன். சுருட்டி வைத்த பாயையும் சாக்கு மூட்டையையும் கண்டேன். கொடியில் உலர்ந்த வேட்டியையும் கண்டேன். வதிவிட மாற்றத்தை அறிவிக்கும் படிவம் எனக்குக் கிடைக்கவில்லை; ஆகவே அவர் அங்கே வசிப்பதாக நான் கணக்கிலெடுக்கவில்லை. ஐயா, மார்ச் 14 இல் நான் பொய் என்று எழுதிய பதிவு, அன்று ஏழு கிழமையாக மெய்யாக இருந்தது. நாற்பது ஆண்டு இடாப்பு எழுதிய கை, தாளில் வராத எதையும் நம்பாமற் போய்விட்டது.

6. சென்ற மாதம் 24 ஆந் திகதி முற்பகல் இலண்டனிலிருந்து தந்தி வந்தது. கறுப்பையா பி.எஸ்சி. தேர்வில், கணிதத்தில், முதலாம் வகுப்பில் தேறியிருந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் இக்கல்லூரிக்கு முதலாவது முதலாம் வகுப்பு அது. மறுநாள் தெல்தோட்டையிலிருந்து மூன்று லொறிகளில் சனம் வந்து இறங்கியது. தப்புப்பறை அடித்தார்கள். மடவளையிலிருந்து முனாப் என்ற பஸ்காரர் ஒரு பஸ் நிறைய ஆட்களை இலவசமாக ஏற்றிவந்தார். கறுப்பையாவின் தாயார் பேச்சியம்மா நேராக என் மேசைக்கு வந்து, "அய்யா, எம் மகன் பேரு அந்தக் காயிதத்துல இருக்காமே, கொஞ்சம் வாசிங்க" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா, மெதுவா" என்றார். நான்கு முறை வாசித்தேன். முனாப் யன்னல் வழியே தலையை நீட்டி, "இண்டைக்காவது அந்தப் பேனைய கீழ வெச்சிட்டு சிரிங்களே, ஐயா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பேனை கையிலிருப்பதை அப்போதுதான் கண்டேன். வைத்தேன். நானும் சிரித்தேன்.

7. ஆட்சிக்குழுவின் கருத்துப்படி உயர்கல்வியின் நோக்கம் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தயாரிப்பது. நானும் அலுவலக லிகிதராவதற்கே படித்தவன். ஆகையால் பலகாலம் அதையே நம்பினேன். "தோட்டத்துக் கூலி பட்டத்தை வைத்து என்ன செய்வான்?" என்று கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் கேட்டபோது தலைவர் அவர்கள் சொன்ன விடை நான் எழுதிய கூட்டக் குறிப்பில் உள்ளது: "அதை அவர் தீர்மானிப்பார். தீர்மானிக்கக் கூடியவராக அவரை ஆக்குவதோடு நம் வேலை முடிந்தது." கறுப்பையா தீர்மானித்துவிட்டார். எங்கள் கல்லூரியிலேயே கணிதம் கற்பிக்க விண்ணப்பித்திருக்கிறார். அத்துடன் புசல்லாவை, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து பதினொரு புதிய விண்ணப்பங்கள் வந்துள்ளன. ஒன்றையும் நான் திருப்பி அனுப்பவில்லை.

8. ஆகவே, எனது முறைப்பாட்டைத் தள்ளி, தலைவர் அவர்களை அவர் கட்டியெழுப்பிய கல்லூரியின் தலைவர் பதவியிலேயே இருக்க விடுமாறு பணிவுடன் கேட்கிறேன். விதி மீறப்பட்டதற்கு யாரேனும் ஒருவர் விலக வேண்டுமென்றால், தெரிந்தும் பதியாத பதிவாளர் விலகுவதே நியாயம். 11 ஆந் திகதி என்னையும் சாட்சியாக அழைக்க வேண்டும். ஐந்து பேருக்கு மேல் கூடிய இடத்தில் நான் ஒருநாளும் பேசியதில்லை. என் குரல் சன்னமானது. கேட்கவில்லையென்றால் மறுபடியும் சொல்லும்படி கட்டளையிடுங்கள். எத்தனை தரமும் சொல்வேன்.

தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) வ. பெரியதம்பி

கண்டி,
1934 ஒக்டோபர் 3.