சூட்டின் மேல் சூடு

டிசம்பர் 28

இல்லை, பொறாமை இல்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ருடினா அண்ணி பக்லாவா இனிப்புக்கு மாவு தேய்த்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபின் அவளுக்கு இது முதல் புத்தாண்டு. ஒன்றாம் தேதி சொந்தக்காரர்கள் வந்து அவள் கைப்பக்குவத்தைத் தின்று பார்ப்பார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்வார்கள்.

ஒல்லிக் கோலில் மாவைச் சுற்றி உருட்டுகிறாள், விரிக்கிறாள். நாற்பது ஏடு. ஒன்றைத் தூக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். வெளியே பனி விழுவது அதன் வழியே தெரிந்தது.

நான்கு வருடம் தத்துவம் படித்தேன். இவ்வளவு மெல்லியதாக ஒன்றைக்கூட யோசித்ததில்லை.

டிசம்பர் 29

ஏடுகளுக்கு நடுவே வால்நட். மேலே உருக்கிய வெண்ணெய். கத்தியை ஒரு முறைகூட நிறுத்தாமல் தட்டு முழுக்கச் சாய்சதுரம் போட்டாள்.

டிசம்பர் 30

எப்படிச் செய்தேன்?

அடுப்பிலிருந்து தட்டு அப்போதுதான் வந்திருந்தது. பொன்னிறம். இரவு முழுக்க ஆறவேண்டும், காலையில்தான் பாகை மறுபடி கொதிக்கவைத்து ஊற்றவேண்டும். இரண்டில் ஒன்று ஆறியிருக்கவேண்டும் என்பது எங்கள் கோர்ச்சா ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அண்ணி பாகைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, பார்த்துக்கொள், கொஞ்சம் இறுகியதும் அணைத்துவிடு என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

எர்மால் போன் செய்தான். நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து ஆறு வாரம். அத்தைகளிடம் நான் என்ன சொல்லிவைத்திருக்கிறேன் என்று கேட்டான். ஒன்றுமே சொல்லலை. எவகிட்டயும் ஒன்னும் சொல்லலை. கை தன் பாட்டுக்குப் பாத்திரத்தை எடுத்து ஊற்றியிருக்கிறது. சூட்டின் மேல் சூடு.

அண்ணி வந்தபோது ஏடுகள் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

டிசம்பர் 31

மறுபடி செய்ய நேரமில்லை, வால்நட்டும் இல்லை. அம்மா ஊரிலிருந்து வந்து தட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்: "அவசரப்பட்டு நான்தான் ஊத்திட்டேன்." அம்மா தட்டின் மேல் துணியைப் போட்டு மூடினாள். அதுதான் மோசம்.

சமையலறையில் அவள் கையைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். தட்டின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மோதிரம் போனதுல இருந்து உன்னப் பத்தியே பேசுறாங்க, லெடியா. புது மருமகளப் பத்திப் பேசவும் அவங்களுக்கு ஏதாவது வேணும்ல. இத எடுத்துக்கட்டும்."

பிறகு சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

ஜனவரி 1

ஐந்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பெஹியே அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு துண்டை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கரண்டி கேட்டாள்.

"இது நல்ல கஞ்சி. பல்லு இல்லாதவளுக்குன்னு பாத்துச் செஞ்சிருக்கா எங்க மருமக."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும். நேராக உட்கார்ந்திருந்தாள். அத்தையின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "இன்னும் கொஞ்சம் குடிங்க அத்த."

என்னிடம் யாரும் எர்மாலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் முதல் முறை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் தாங்கவில்லை.

ஜனவரி 2

அத்தை யாரிடமோ போனில் பேசியது அம்மா வழியாக வந்தது: அந்தப் பெண்ணுக்குச் சமையல் கைவராது, அவள் அம்மா என்னதான் வளர்த்தாளோ. அண்ணி பக்கத்தில்தான் லீக்ஸ் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு நறுக்கினாள்.

அவளுடைய அம்மா வரைக்கும் போய்விட்டது.

ஜனவரி 3

காலையில் பெஹியே அத்தை வீட்டுக்குப் போனேன். காபி வைத்தாள். பாகு ஊற்றியது நான், எர்மாலிடம் பேசிக்கொண்டே ஊற்றினேன் என்று சொன்னேன். அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நாப்பது ஏடும் அவளே தேச்சாளா?"

"அவளேதான். பனி தெரிஞ்சுது அத்த, அது வழியா."

"சொல்லாம உக்காந்திருந்தாளே, கழுத," என்றாள். குரல் மாறியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

அங்கிருந்து மாமா வீட்டுக்கு. அப்புறம் மற்ற மூன்று வீட்டுக்கும். ஐந்து வீட்டிலும் காபி குடித்தேன். ஐந்திலும் இரண்டையும் சொன்னேன்.